தாவரச் சேர்மங்களைப் பசுமைக் கரைப்பான்களால் பிரித்தெடுத்தல்: எதை, எப்போது, எதற்காக?

ஒரு நறுமண மூலிகையின் இலையிலிருந்து பாலிபீனால்களையும் எண்ணெய்ச் சேர்மங்களையும் பிரித்தெடுக்கும் முதுநிலை ஆய்வைத் தொடங்கப்போவதாகவும், ஆய்வகத்தில் வழக்கமாக இருந்துவரும் மெத்தனாலையும் ஹெக்சேனையும் விட்டுவிட்டுப் பசுமைக் கரைப்பான்களுக்கு மாற விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்று கார்பன் டை ஆக்சைடைப் புகழ்கிறது, இன்னொன்று இயற்கை டீப் யூடெக்டிக் கரைப்பான்களை (தனித்தனியே உருகுவதைவிட மிகக் குறைந்த வெப்பத்தில் சேர்ந்து உருகித் திரவமாகும் இயற்கைப் பொருள்களின் கலவைகளை) புகழ்கிறது, மூன்றாவது வெறும் நீரே போதும் என்கிறது. இவற்றில் உண்மையிலேயே பசுமையானது எது, உங்கள் இலைக்குப் பொருந்துவது எது என்பதே உங்கள் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாக எடுத்து வைத்துப் பார்த்து, இது பசுமையானது, இது இல்லை என்று முத்திரை குத்தக்கூடிய கரைப்பான் எதுவும் கிடையாது. ஒரு கரைப்பான் எதிலிருந்து எப்படித் தயாராகிறது, அதைக் கையாளுபவரின் உடலுக்கு என்ன செய்கிறது, இலையிலிருந்து எவ்வளவு சேர்மத்தை எவ்வளவு நேரத்தில் வெளிக்கொணர்கிறது, பிறகு சாரத்தை விட்டு எப்படி நீங்குகிறது, நீங்கியபின் எங்கே போகிறது என்ற ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பசுமை தெரியவரும். இந்த ஐந்தில் நான்காவதைத்தான் பெரும்பாலான கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. என் அனுபவத்தில், ஆய்வகத்தில் வெற்றி பெற்ற முறைகள் ஆலைக்குப் போக முடியாமல் நின்றுபோவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பழைய கரைப்பான்களை ஏன் விட வேண்டும் என்பதில் ஐயம் வேண்டியதில்லை. ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து வருவது, 69 டிகிரி செல்சியஸில் கொதிப்பது, எளிதில் தீப்பற்றுவது. அதன் ஆவியை நெடுநாள் சுவாசிப்பவர்களின் உடலில் அது 2,5-ஹெக்சேன்டையோன் என்னும் பொருளாக மாறி, கைகால்களுக்குச் செல்லும் நரம்புகளைச் சிதைக்கிறது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. மருந்துப் பொருள்களில் எஞ்சியிருக்கலாம் என்று சர்வதேச ஒத்திசைவு வழிகாட்டுதல் அனுமதிக்கும் அளவுகளைப் பார்த்தாலே இவற்றின் தராதரம் விளங்கும்: பத்து லட்சத்தில் குளோரோஃபார்ம் 60 பங்கு, ஹெக்சேன் 290 பங்கு, மெத்தனால் 3000 பங்கு; எத்தனாலுக்கோ 5000 பங்கு. ஆனாலும் ஹெக்சேனுக்கு உரிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ ஹெக்சேனை ஆவியாக்க ஏறத்தாழ 335 கிலோஜூல் வெப்பம் போதும். எத்தனாலுக்கு ஏறத்தாழ 840, நீருக்கு 2257 தேவை. குறைந்த வெப்பத்தில் ஆவியாகி, நீருடன் கலக்காமல், திரும்பத் திரும்பப் பயன்படும் ஒரு கரைப்பானை எண்ணெய் வித்து ஆலைகள் எளிதில் கைவிடாததற்குக் காரணம் சோம்பல் அல்ல, இந்தக் கணக்குதான். மாற்றாக நாம் முன்வைக்கும் எதுவும் இந்தக் கணக்கை எதிர்கொள்ள வேண்டும்.

கரைப்பானைப் பற்றிப் பேசும் முன், எடுக்க வேண்டிய மூலக்கூற்றைப் பற்றிப் பேச வேண்டும். இதற்கு மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன ஆய்வுக்குழுவின் தலைவர் தூ யூயூ, சிங்ஹாவ் என்னும் செடியின் சாரத்தை வழக்கம்போல் சூடாக்கிப் பிரித்தெடுத்தபோது அது ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய மருத்துவக் குறிப்பில், ஒரு பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி சொல்லப்பட்டிருந்ததே தவிர, காய்ச்சச் சொல்லப்படவில்லை என்பதை அவர் கவனித்தார். சூடுதான் மருந்தை அழிக்கிறது என்று ஊகித்து, 35 டிகிரிக்கும் கீழே கொதிக்கும் ஈதரைக்கொண்டு 1971-இல் அவர் எடுத்த சாரம், எலிகளின் மலேரியா ஒட்டுண்ணியை முற்றிலும் ஒழித்தது. அந்த மூலக்கூற்றின் நடுவே இருக்கும் பெராக்சைடுப் பாலம்தான் அதன் மருத்துவ ஆற்றலுக்கும் காரணம், வெப்பத்துக்கு அது தாங்காததற்கும் காரணம். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய அளவுகோலில் ஈதரைப் பசுமைக் கரைப்பான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எளிதில் தீப்பிடிப்பது, வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய பெராக்சைடுகளை உருவாக்குவது. ஆனால் மூலக்கூற்றின் இயல்பை அறிந்தபின்தான் கரைப்பானைத் தேட வேண்டும் என்னும் ஒழுங்கு அந்த ஒரு சோதனையில் முழுமையாக இருக்கிறது. உங்கள் சேர்மம் வெப்பம் தாங்குமா, ஒளி தாங்குமா, எந்த அமிலத்தன்மையில் நிலைக்கும், நீரை விரும்புமா, எண்ணெயை விரும்புமா என்பதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அடுத்தது இலை. நறுமண மூலிகைகள் பலவற்றில் எண்ணெய்ச் சேர்மங்கள் இலையின் மேற்பரப்பில் உள்ள சுரப்பி மயிர்களில் தேங்கியிருக்கின்றன. பாலிபீனால்களோ செல்களுக்குள் இருக்கும் சேமிப்புப் பைகளான நுண்குமிழ்களிலும், ஒரு பகுதி செல்சுவரோடு ஒட்டியும் இருக்கின்றன. அரைத்த தூளில் கரைப்பானை ஊற்றியதும், உடைந்த செல்களில் இருப்பது சில நிமிடங்களில் கழுவப்பட்டு வந்துவிடும். உடையாத செல்களில் இருப்பது சுவரைத் தாண்டி மெல்ல விரவி வர வேண்டும். காத்திருக்கும் நேரமெல்லாம் இந்த இரண்டாவது கட்டத்துக்குத்தான். உலர்ந்த செல்சுவர் நீர் பட்டால் உப்பி வழிவிடும், தூய எத்தனால் பட்டால் சுருங்கி இறுகும். பாலிபீனால்களுக்குத் தூய எத்தனாலைவிட, 50 முதல் 70 விழுக்காடு எத்தனால் கலந்த நீர் நல்ல பலன் தருவதற்கு, கரைதிறனோடு இந்த உப்புதலும் ஒரு காரணம். கரைதிறனைப் பொறுத்தவரை, ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்ற பழைய விதியைச் சார்ல்ஸ் ஹான்சன் 1967-இல் மூன்று எண்களாகப் பிரித்துக் கொடுத்தார்: பரவல் விசை, முனைவு விசை, ஹைட்ரஜன் பிணைப்பு. சேர்மத்தின் மூன்று எண்களும் கரைப்பானின் மூன்று எண்களும் நெருங்கியிருந்தால் கரையும் வாய்ப்பு அதிகம். இருபது கரைப்பான்களை வாங்கிச் சோதிப்பதற்கு முன், இந்தக் கணக்கை மேசையில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதே முதல் பசுமைச் செயல் என்பேன். வாங்காத கரைப்பானால் மாசு இல்லை.

இனி கரைப்பான்களுக்கு வருவோம். நீரும் எத்தனாலும் எளிமையானவை என்பதாலேயே ஆய்வு மாணவர்கள் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். புதுமை இல்லை என்று கட்டுரை திரும்பிவிடுமோ என்ற அச்சம் இருக்கலாம். என் கணிப்பில், பாலிபீனால்களைத் தேடும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு எத்தனால்–நீர்க் கலவையே சரியான விடை. எத்தனாலை நொதிக்கவைத்துப் பெறலாம், உணவிலும் மருந்திலும் ஏற்கப்பட்டது, மண்ணில் எளிதாகச் சிதையும், காய்ச்சி மீட்கலாம். மீட்கும்போது சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 95.6 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையாக்க முடியாது என்பது ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் நீங்கள் அதை மறுபடியும் 70 விழுக்காடாக நீர்த்துத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதால், உங்களைப் பொறுத்தவரை அது குறையே அல்ல.

நீரைத் தனியாகவே எடுத்துக்கொண்டு, அதன் குணத்தை மாற்றும் வழியும் உண்டு. அழுத்தம் கொடுத்து, நீராவியாகவிடாமல் 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. ஒரு திரவத்தின் முனைவுத்தன்மையைக் காட்டும் எண் மின்காப்பு மாறிலி; அறை வெப்பநிலையில் 80-ஐ ஒட்டியிருக்கும் நீரின் மின்காப்பு மாறிலி, 250 டிகிரியில் 27-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. அதாவது, நீர் அறை வெப்பநிலையில் உள்ள மெத்தனால், எத்தனால் ஆகியவற்றின் இயல்புக்கு நெருங்கிவிடுகிறது. கேட்பதற்கு மிகவும் கவர்ச்சியான முறை. ஆனால் அந்த வெப்பத்தில் இலையில் உள்ள சர்க்கரையும் புரதமும் தமக்குள் வினைபுரிந்து, இலையில் முன்பு இல்லாத புதிய பழுப்பு நிறச் சேர்மங்களை உண்டாக்குகின்றன. அவையும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கக்கூடியவை. சாரத்தின் ஆற்றல் கூடிவிட்டது என்று மகிழும் ஆய்வாளர், கூடியது இலையின் சேர்மங்களா, தம் அடுப்பு உண்டாக்கியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியே அளக்காமல், மொத்த ஆற்றலை மட்டும் அளந்து இந்த முறையைப் பரிந்துரைக்கும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

எண்ணெயை விரும்பும் சேர்மங்களுக்கு, சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடு இன்று ஆலை அளவில் நிலைபெற்றுவிட்ட முறை. 31 டிகிரிக்கும் ஏறத்தாழ 74 பார் அழுத்தத்துக்கும் மேலே போனால், அந்த வாயு திரவமும் அல்லாமல் வாயுவும் அல்லாமல் ஒரு நிலையை அடைகிறது; வாயுவைப்போல் இலைக்குள் நுழையும், திரவத்தைப்போல் கரைக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் அடர்த்தி கூடும், கரைக்கும் திறனும் கூடும்; அழுத்தத்தை விட்டால் வாயுவாகிப் பிரிந்துபோய்விடும், சாரத்தில் எதுவும் எஞ்சாது. நான் முன்பு சொன்ன நான்காவது கேள்விக்கு இதைவிடத் தூய்மையான பதில் தரும் கரைப்பான் வேறில்லை. ஜெர்மனியின் ம்யூல்ஹைமில் இருந்த மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில், 1960-களில் வேறு ஒரு பிரித்தல் ஆய்வைச் செய்துகொண்டிருந்த குர்ட் சோசல், காபிக் கொட்டையிலிருந்து காஃபீனை மட்டும் இதனால் நீக்க முடியும் என்று கண்டார். அதற்கு முன்பு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே வேலைக்குப் பென்சீன் பயன்பட்டது என்பதை நினைத்தால் இந்த மாற்றத்தின் அளவு விளங்கும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: உலர்ந்த கொட்டையிலிருந்து காஃபீன் சரியாக வராது, முதலில் அதை நீரில் ஊறவைத்து ஈரப்படுத்த வேண்டும். கரைப்பானின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முறையை நகலெடுப்பவர்கள் கோட்டைவிடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

கார்பன் டை ஆக்சைடு புவியைச் சூடாக்கும் வாயுவாயிற்றே என்று கேட்பவர்களுக்கு: இது நொதித்தல் தொழிலிலும் அம்மோனியாத் தொழிலிலும் துணைப்பொருளாக வெளியேறுவதைப் பிடித்துப் பயன்படுத்துவது; புதிதாக எரித்து உண்டாக்குவது அல்ல. இதன் உண்மையான வரம்புகள் வேறு. அது முனைவுத்தன்மை இல்லாதது. ஆகவே ரோஸ்மேரி இலையின் கார்னோசிக் அமிலத்தை நன்றாக எடுக்கும், அதே இலையில் நீரை விரும்பும் ரோஸ்மரினிக் அமிலத்தை விட்டுவிடும். சிறிது எத்தனாலைத் துணைக்கரைப்பானாகச் சேர்த்தால் நிலைமை கொஞ்சம் மேம்படும், முழுமையாக மாறாது. உயர் அழுத்தக் கலன்களின் செலவும் மிகுதி. பழைய பழக்கத்தில் ஹெக்சேன் செய்த வேலையின் ஒரு பகுதியை இது செய்யும். மெத்தனால் செய்த வேலையைச் செய்யாது.

ஹெக்சேனுக்கு நேரடி மாற்றாக ஒரு கரைப்பானைச் சுட்டச் சொன்னால், 2-மெத்தில்ஆக்சோலேனைச் சொல்வேன். மக்காச்சோளக் கதிர்த்தக்கை, கரும்புச் சக்கை போன்ற வேளாண் கழிவிலிருந்து வரும் ஃபர்ஃபுராலிலிருந்து இதைத் தயாரிக்கலாம். 80 டிகிரியில் கொதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இதை உணவுத் தொழிலுக்கான பிரித்தெடுக்கும் கரைப்பான்களின் பட்டியலில் சேர்த்தது. ஈதர் இனத்தைச் சேர்ந்தது என்பதால் பெராக்சைடு உருவாகும் அபாயம் இதிலும் உண்டு. பாட்டிலைத் திறந்த தேதியை எழுதிவையுங்கள், காய்ச்சி வடிக்கும் முன் பெராக்சைடுச் சோதனை செய்யுங்கள். சிட்ரஸ் தோலிலிருந்து வரும் லிமோனீனுக்கு நல்ல பெயர் இருக்கிறது, எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை: 176 டிகிரியில் கொதிப்பதை வெளியேற்ற மிகுந்த வெப்பம் வேண்டும், காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. செடியிலிருந்து வருவது என்பதாலேயே ஒன்று பசுமையாகிவிடாது. எத்தில் அசிட்டேட் இவற்றுக்கு நடுவே அமைதியாக நல்ல வேலை செய்யக்கூடியது.

அயனித் திரவங்களை, அதாவது குறைந்த வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்புகளை, பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆவியாகாது, ஆகவே காற்று மாசுபடாது என்ற ஒரே குணத்தை வைத்து ஒரு காலத்தில் அவை பசுமை என்று கொண்டாடப்பட்டன. இமிடசோலியம் வகையைச் சேர்ந்த பல திரவங்கள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, எளிதில் சிதையாதவை என்பது பின்னர் வெளிப்பட்டது. காற்றுக்கு நல்லது என்பதால் தண்ணீருக்கும் நல்லதாகிவிடாது.

நீங்கள் அதிகம் விசாரித்திருப்பது இயற்கை டீப் யூடெக்டிக் கரைப்பான்களைப் பற்றி என்பதால், அவற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அபட் குழு, 2003-இல் கோலின் குளோரைடை ஒரு பங்கும் யூரியாவை இரண்டு பங்கும் (எடையில் அல்ல, மூலக்கூறுகளின் எண்ணிக்கையில்) கலந்தால், 12 டிகிரியிலேயே உருகிநிற்கும் ஒரு திரவம் கிடைப்பதைக் காட்டியது. தனியாக முன்னது உருக 302 டிகிரியும் பின்னது உருக 133 டிகிரியும் வேண்டும். 2011-இல் லைடன் பல்கலைக்கழகத்தின் யங் ஹே சோய், ராபர்ட் வெர்பூர்ட் ஆகியோரின் குழு ஒரு படி மேலே சென்று, சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், கரிம அமிலங்கள், கோலின் ஆகிய செல்லுக்குள்ளேயே இருக்கும் பொருள்களும் தமக்குள் இத்தகைய திரவங்களை உண்டாக்குகின்றன என்றும், நீரிலும் கொழுப்பிலும் கரையாத சேர்மங்களைச் செடி இத்திரவங்களில் கரைத்துவைத்திருக்கக்கூடும் என்றும் ஒரு கருதுகோளை முன்வைத்தது. செடி தன் சேர்மங்களை எதில் கரைத்துவைக்கிறதோ அதையே நாமும் பயன்படுத்துவோம் என்ற எண்ணத்தின் அழகுதான் இத்துறைக்கு இத்தனை ஆய்வாளர்களை ஈர்த்தது என்று நினைக்கிறேன், என்னையும் ஈர்த்தது.

முதல்முறை இதைச் செய்து பார்ப்பது மறக்க முடியாத அனுபவம். கோலின் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தராசில் எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே தூள் கட்டிகட்டியாகும். அதோடு மாலிக் அமிலத்தைச் சேர்த்து, மூடிய குடுவையில் 80 டிகிரியில் கலக்கினால், நெடுநேரம் இரண்டு வெள்ளைத் தூள்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருப்பதாகத்தான் தோன்றும். பிறகு குடுவையின் விளிம்பில் ஈரம் கசிந்ததுபோல் ஒரு பளபளப்பு தெரியும். அது உள்ளே பரவும். கலக்கும் காந்தத்தின் ஓசை மாறும். இறுதியில் நிறமற்ற ஒரு பாகு கண்ணாடியின் ஓரத்தில் மெல்ல ஏறி இறங்கும். அதில் மஞ்சள் தூளைப் போட்டபோது, நீரில் கரையவே மறுக்கும் குர்குமின் ஆரஞ்சு நிறத்தில் கலங்கல் இல்லாமல் கரைந்து நின்றதைக் கண்டு எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டோம்.

துன்பம் அதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்கியது. வடிதாளில் ஊற்றிய கலவை, மாலை ஊற்றியது மறுநாள் காலையிலும் பாதிக்குமேல் தாளின் மேலேயே நின்றது. சுழற்சிப் பிரிப்பானில் வேகத்தைக் கூட்டியும் நுண்ணிய தூள் முழுமையாக அடியில் படியவில்லை. பாகுத்தன்மையைக் குறைக்க 20 முதல் 30 விழுக்காடு நீர் சேர்ப்பது வழக்கம். சேர்த்ததும் வடிதல் எளிதானது. அளவு தவறி அதிகம் சேர்த்துவிட்ட ஒரு குடுவையில், கரைந்திருந்த குர்குமின் மஞ்சள் தூசியாக வெளியே விழுந்துவிட்டது. நீர் பாதியைத் தாண்டினால், கரைப்பானை ஒரே உருவாகப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் கலைந்து, அது நீரில் கரைந்த இரண்டு சாதாரணப் பொருள்களாகிவிடுகிறது. சாரத்தைக் கரைப்பானிலிருந்து தனியே எடுக்க நினைத்தபோதுதான் முழுச் சிக்கலும் தெரிந்தது: ஆவியாகாது என்பதே இதன் பெருமை, ஆவியாகாததால் அதைச் சாரத்திலிருந்து ஓட்டவும் முடியாது. பிசின் நிரப்பிய குழாயில் சேர்மத்தைப் பிடித்து, கரைப்பானை நீரால் கழுவி அகற்றி, பிறகு சேர்மத்தை எத்தனாலால் விடுவித்தோம். எத்தனாலைத் தவிர்ப்பதற்காகத் தொடங்கிய வேலை, எத்தனாலிலேயே போய் முடிந்தது. இடையில் கழுவிய நீரும் கழிவாகச் சேர்ந்தது. அந்த நீரைக் காய்ச்சிக் கரைப்பானை மீட்க ஆகும் வெப்பத்தைக் கணக்கிட்டபின், எங்கள் தொடக்க மகிழ்ச்சியின் பெரும்பகுதி அடங்கிவிட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வது உங்களைத் தடுப்பதற்காக அல்ல. இக்கரைப்பான்களுக்கு மிகப் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது: கரைப்பானை நீக்கவே தேவையில்லாத இடம். கிளிசரால், குளுக்கோஸ், லாக்டிக் அமிலம், பீட்டைன் போன்ற உண்ணத்தக்க பொருள்களால் ஆன கரைப்பானில் எடுத்த சாரத்தை, அப்படியே உணவுப் பொருளிலோ தோல் களிம்பிலோ சேர்க்க முடிந்தால், நான்காவது கேள்வியே எழாது. அது மட்டுமல்லாமல், ஆந்தோசயனின் போன்ற எளிதில் சிதையும் நிறமிகள் இந்தப் பாகில் நீரில் இருப்பதைவிட நெடுநாள் நிலைத்திருப்பதும் உண்டு. பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போது முடிவில் அது எங்கே போகப்போகிறது என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, கோலின் குளோரைடு கால்நடைத் தீவனத்தில் சேர்க்கப்படும் சத்துப்பொருள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன விதிகளில் கோலின் உப்புகள் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் உள்ளன. களிம்புக்காக எடுக்கும் சாரத்துக்குக் கோலினை விட்டுப் பீட்டைனைத் தேர்ந்தெடுக்க இது போதிய காரணம். இன்னொன்று: அமிலம் கலந்த வகைகளில், அமிலமும் கோலினும் மெல்ல வினைபுரிந்து எஸ்டராகின்றன. இன்று தயாரித்த கரைப்பானும் ஆறு மாதம் அலமாரியில் இருந்த அதே கரைப்பானும் ஒன்றல்ல. புதிதாகத் தயாரித்துப் பயன்படுத்துங்கள், தயாரித்த வெப்பநிலையையும் நேரத்தையும் எழுதிவையுங்கள்.

மீயொலியும் நுண்ணலையும் கரைப்பான்கள் அல்ல என்றாலும், கரைப்பானின் அளவைக் குறைப்பதால் இந்தப் பேச்சில் அவற்றுக்கு இடமுண்டு. 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலி, திரவத்தில் நுண்குமிழ்களை உண்டாக்கி உடைக்கிறது. அந்தச் சிறு வெடிப்புகள் செல்சுவரைப் பிளக்கின்றன. 2.45 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை, இலைக்குள் இருக்கும் நீரையே சூடாக்கிச் செல்லை உள்ளிருந்து உடைக்கிறது. இரண்டிலும் வெப்பநிலையைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருங்கள். பனிக்கட்டித் தொட்டியில் வைக்காத மீயொலிக் குடுவை விரைவிலேயே சூடேறிவிடும், பிறகு மீயொலியின் பலனையும் சூட்டின் பலனையும் பிரித்தறிய முடியாது.

ஆற்றல் கணக்கை ஒருமுறையாவது எண்களோடு போட்டுப் பாருங்கள் என்று என் மாணவர்களிடம் வற்புறுத்துவேன். ஒரு கிலோ உலர்ந்த இலைக்கு 20 கிலோ கரைப்பான், அதில் எடையில் 70 விழுக்காடு எத்தனால் என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் ஆவியாக்க, 14 கிலோ எத்தனாலுக்கு ஏறத்தாழ 11.8 மெகாஜூல், 6 கிலோ நீருக்கு 13.5 மெகாஜூல், ஆக 25 மெகாஜூலைத் தாண்டும். அதாவது சூடேற்றுவதைச் சேர்க்காமலேயே 7 யூனிட் மின்சாரம். எடையில் பாதிகூட இல்லாத நீர் பாதிக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தின்பதைக் கவனியுங்கள். இதே இலையை 10 கிலோ கரைப்பானில் எடுக்க முடிந்தால், சாரம் பத்து விழுக்காடு குறைந்தாலும், வெப்பம் பாதியாகிவிடும். கரைப்பானின் வகையைவிட அதன் அளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் இடங்கள் இப்படிப் பல உண்டு. சாரத்தை ஈர வடிவிலேயே பயன்படுத்த முடியுமா என்று கேட்பதும் இதே கணக்கைச் சேர்ந்ததுதான்.

உங்கள் இலைக்கு நான் செய்யக்கூடியது இதுதான். பாலிபீனாலும் எண்ணெயும் ஒரே கரைப்பானில் வர வேண்டும் என்று எதிர்பார்க்காமல், ஒரே தூளிலிருந்து அடுத்தடுத்து எடுங்கள். உயர் அழுத்தக் கருவி கிடைத்தால் முதலில் கார்பன் டை ஆக்சைடால் எண்ணெய்ச் சேர்மங்களை எடுக்கலாம். இல்லையென்றால் நீராவி வடிப்பு போதும். நீராவி வடிப்பில் கீழே தேங்கும் நீரைக் கொட்டிவிடாதீர்கள், நீரில் கரையும் பாலிபீனால்களின் ஒரு பகுதி அதில்தான் இருக்கிறது. எஞ்சிய சக்கையை 50, 60, 70 விழுக்காடு எத்தனாலில், 40 முதல் 60 டிகிரிக்குள், மீயொலியோடும் இல்லாமலும் எடுத்துப் பாருங்கள். மெத்தனாலை ஒரே ஒரு ஒப்பீட்டுக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் உங்கள் முறை எவ்வளவு சேர்மத்தை விட்டுவிடுகிறது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையிலும் மீட்ட எத்தனாலின் அளவை அளந்து அட்டவணையில் ஒரு நிரலாகச் சேர்த்து, மீட்டதையே அடுத்த சுற்றுக்குப் பயன்படுத்துங்கள். ஐந்தாவது சுற்றிலும் சாரம் அதே அளவில் வருகிறதா என்று காட்ட முடிந்தால், உங்கள் ஆய்வேட்டின் வலுவான அத்தியாயம் அதுவாகவே இருக்கும்.

டீப் யூடெக்டிக் கரைப்பானையும் சேர்த்தே தீர வேண்டுமென்றால், கிளிசராலையும் பீட்டைனையும் கொண்ட ஒன்றை, 25 விழுக்காடு நீரோடு, முடிவில் அப்படியே பயன்படுத்தும் சாரமாகச் செய்து பாருங்கள். அதை அளக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். திரவ நிறப்பிரிகைக் கருவியில் பாகை நேரடியாகச் செலுத்தினால் உச்சிகள் அகன்று சிதையும். பல மடங்கு நீர்த்து, சேர்மம் வீழ்படிவாகவில்லை என்று உறுதிசெய்தபின் செலுத்துங்கள். மொத்தப் பாலிபீனாலை ஃபோலின் வினைப்பொருளால் அளப்பதாக இருந்தால், அந்த வினைப்பொருள் பாலிபீனாலை மட்டும் தேடிச் செல்வதில்லை. ஒடுக்கும் சர்க்கரைகளும் அஸ்கார்பிக் அமிலமும்கூட அதை நீலமாக்கும். கரைப்பானில் குளுக்கோஸ் இருந்தால், இலையே போடாத வெறும் கரைப்பானும் பாலிபீனால் இருப்பதாகக் காட்டக்கூடும். ஆகவே இலை போடாமல் அதே வெப்பத்தில், அதே நேரம் வைத்த ஒரு வெற்றுக் குடுவையை ஒவ்வொரு தொகுதியோடும் தயாரித்து, அதன் அளவீட்டைக் கழித்தபின் வரும் எண்ணையே பதிவுசெய்யுங்கள்.